‘விஸ்டம்’ என்னும் சொல்: ஞானமா, அறிவா?

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியிற் பெயர்த்துக் கொணர்வோர், அச்சொல்லோடு அதற்கு உரியவர் யாவர் என்னும் தீர்ப்பையும் உடன் கொணர்ந்து விடுகின்றனர். அத்தீர்ப்பு நேரியதாயின் மொழி வளம்பெறும். கோணியதாயின், மக்கள் தமக்குரிய பொருளைத் தமக்குரியதன்று என எண்ணி வாழ்நாளைக் கழிப்பர். ஆங்கிலத்தில் ‘விஸ்டம்’ என வழங்கும் சொல் தமிழிற் பெற்ற நிலை இத்தகையது என்பது நம் கருத்து. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலம் பயின்ற தமிழரை ‘விஸ்டம்’ என்றால் யாது எனக் கேட்பின், பெரும்பாலார் ‘ஞானம்’ என விடையிறுப்பர். ‘நாலெட்ஜ்’ என்றால் யாது எனின், ‘அறிவு’ என்பர். தாடையின் கடைக்கோடியில் வயதுவந்த பின் முளைக்கும் பல்லையும் மேல்நாட்டார் வழக்கைப் பின்பற்றி ‘ஞானப்பல்’ என்றே கூறுகின்றோம். கிறிஸ்தவ வேதாகமத்தின் பழைய தமிழ்ப் பெயர்ப்பிலும், நீதிமொழிகள் என்னும் பகுதியில் ஞானம் ஓரிடத்தும் அறிவு மற்றோரிடத்துமாக இவ்விரு ஆங்கிலச் சொற்களுக்கும் நேராக நிற்கக் காணலாம். இவ்வழக்கில், அறிவு என்பது பள்ளியிற் பெறும் செய்தித் தொகுதி என்றும், ஞானம் என்பது அதற்கு மேற்பட்ட ஏதோ ஓர் உயர்பொருள் என்றும் ஆகின்றது. இப்பாகுபாடு பொருந்துமா? ஆங்கிலச் சொல்லின் பிறப்பிலிருந்தே தொடங்குவோம்.

‘விஸ்டம்’ ஆங்கிலர் பிறரிடம் கடன் கொண்ட சொல்லன்று. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்று பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டுவந்து குவித்ததற்கு முன்னரே அந்நாட்டார் மொழியில் வழங்கிய பழஞ்சொல் அது. அதனைப் பிரித்தால் ‘வைஸ்’ என்றும் ‘டம்’ என்றும் இரு பகுதிகள் கிடைக்கும். முற்பகுதியின் வேர் ‘காண்டல்’ என்னும் பொருளது. கண்டவனே அறிந்தவன் ஆதலின், காண்டலைக் குறித்த வேர் நாளடைவில் அறிதலைக் குறித்தது. கண்டதைச் சான்றாகக் கூறுவோனைக் குறிக்கும் ‘விட்னஸ்’, கூர்மதியைக் குறிக்கும் ‘விட்’ ஆகியனவும் இக்குடும்பத்தனவே. இவ்வேரே இலத்தீனில் ‘காண்கிறேன்’ என்னும் பொருளில் ‘வீடியோ’ ஆயிற்று. நம் கைப்பேசியில் ஓயாது ஓடும் வீடியோவும், பெரியோர் போற்றும் விஸ்டமும் ஒருவயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்புவது அரிது. எனினும் உண்மை அதுவே.

பிற்பகுதியாகிய ‘டம்’, ‘கிங்டம்’, ‘ஃபிரீடம்’ முதலியவற்றிற்போல நிலைமையைக் காட்டும் ஈறாகத் தேய்ந்தது. ஆனால் அதன் தாய்ச்சொல் ‘டோம்’ என்பது. தீர்ப்பு, சட்டம் என்பன அதன் பொருள்கள். இன்று பெருங்கேட்டைக் குறிக்கும் ‘டூம்’ என்னும் சொல் அதன் வழிவந்ததே. 1086-இல் முதலாம் வில்லியம் மன்னன் நாட்டு நிலபுலங்களைக் கணக்கெடுத்து எழுதுவித்த ஏட்டை, அதன் முடிவுக்கு மேல் முறையீடு இல்லாமை கருதி, ‘டூம்ஸ்டே’ ஏடு, அதாவது இறுதித் தீர்ப்புநாள் ஏடு, எனப் பின்னர் வழங்கினர். ‘விஸ்டம்’ ஆக்கப்பட்ட பழங்காலத்திலேயே அவ்வீறு பெரும்பாலும் நிலைமையையே குறித்தது என்பது மெய். ஆயினும் தாய்ச்சொல்லை மறவாது நோக்கின், கண்ணாற் கண்டு மனத்தால் தீர்த்தல் என்னும் இரண்டும் அச்சொல்லில் அருகருகே நிற்பது விளங்கும். அதில் துறவும் இல்லை, தவமும் இல்லை, ஏட்டுச்சுமையும் இல்லை.

நிற்க. 1786-இல் சர் வில்லியம் ஜோன்ஸ் என்பார் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்று கிளைத்தவை ஆதல் வேண்டும் என்று கூறினார். அவ்வழியே பின்வந்தோர் ஆராய்ந்து கண்ட உறவுமுறை நம் பொருளுக்கு மிகவும் சுவை தருவதாகும். ‘விஸ்டம்’ என்பதற்கு வடமொழியில் உறவு ‘வித்’ என்னும் வேர். வேதம், வித்தை, வித்துவான் முதலியன அதன் கிளைகள். ‘நாலெட்ஜ்’ என்பதன் முற்பகுதியாகிய ‘நோ’ என்பதற்கு உறவு ‘ஞா’ என்னும் வேர். ஞானம் அதனின்றும் பிறந்தது. எனவே பிறப்பால் நாலெட்ஜுக்கு உடன்பிறப்பான ஞானத்தை, நாம் விஸ்டத்துக்கு மணம்முடித்து வைத்திருக்கின்றோம்!

இதுகொண்டே அப்பெயர்ப்பு பிழை எனத் துணிதல் கூடாது. சொல் பிறக்கும் இடம் ஒன்று. வாழும் இடம் மற்றொன்று. பிறப்பை நோக்கி மனிதரை மதித்தல் தவறு என்போர், பிறப்பை மட்டும் நோக்கிச் சொல்லை மதித்தல் தகுமோ? சொல் தன் வாழ்நாளில் எவ்வாறு ஒழுகியது என்பதையே நோக்குதல் வேண்டும்.

அவ்வாறு நோக்குங்கால் ஓர் உண்மை புலப்படும். ‘வைஸ்’ என்பதிலிருந்து தோன்றிய ‘விஸார்ட்’ முதற்கண் அறிஞனைக் குறித்தது. பின்னர் மந்திரவாதியைக் குறித்தது. நம் நாட்டிலும் கல்வியைக் குறித்த ‘வித்தை’ தெருவிற் கயிற்றின்மேல் நடப்போன் காட்டும் ஆட்டமாயிற்று. ‘வித்தைக்காரன்’ என்றால் எவரும் பள்ளியாசிரியரை நினைப்பதில்லை. ஒரே வேரிற் பிறந்த சொற்கள் உலகின் இரு மூலைகளிலும் ஒரே பள்ளத்தில் வீழ்ந்தது ஏன்? அறிவு சிலரது பெட்டியிற் பூட்டிய மறைபொருளாகுங்கால், வெளியே நிற்போர்க்கு அது மாயமாகத் தோன்றுகின்றது. மாயத்தைக் கண்டோர் வியப்பர், அஞ்சுவர், காசும் எறிவர், ஆனால் கேள்வி கேளார். கேள்வி ஒழிந்த இடத்தில் அறிஞனுக்கும் மந்திரவாதிக்கும் வேற்றுமை என்னை?

‘ஞானம்’ என்னும் சொல்லுக்கும் இத்தகைய விதியே நேர்ந்தது. வேதாகமத்தின் எபிரேய மூலத்தில் ‘ஹொக்மா’ என்னும் சொல் அரசனின் நுண்ணறிவுக்கு மட்டும் வழங்குவதன்று. கைவினைஞரின் திறனுக்கும் வழங்கும். யாத்திராகமத்தில் வழிபாட்டுக் கூடாரத்துக்காக நூல் நூற்ற பெண்களின் திறம் அச்சொல்லாலேயே சுட்டப்பெறுகின்றது. தமிழில் பெயர்த்தோரும் நேர்மை தவறாது அவ்விடத்தும் ‘ஞானம்’ என்றே எழுதினர். கிரேக்கத்திலும் அவ்வாறே. பின்னாளில் ‘பிலாசபி’ என்னும் சொல்லுக்கு அடியான ‘சோபியா’வை, ஹோமர் தம் இலியட் காவியத்தில் மரக்கலத்துக்கு மரம் செதுக்கும் தச்சனின் திறத்துக்கே வழங்கினார். ஆகவே பழம் மக்கள் நூற்கும் கையிலும் செதுக்கும் கையிலும் அதனைக் கண்டனர்.

ஆனால் தமிழ்ச் செவியில் ‘ஞானம்’ என்பது எவ்வாறு ஒலிக்கின்றது? காவியுடை, குகை, மௌனம், உலகைத் துறந்த முதியோர்! நூல் நூற்கும் பெண்ணையோ, மரம் அறுக்கும் ஆளையோ ‘ஞானி’ என்று எவரேனும் அழைக்கக் கேட்டதுண்டா? அழைத்தால் கேலி என்றே கொள்வர். பெயர்த்தோர் நல்லெண்ணத்தோடு இட்ட சொல், கேட்போர் மனத்தில் மலையுச்சிக்கு ஏறிவிட்டது. அடிவாரத்தில் நிற்போர், ‘அது நமக்கு எட்டாது’ எனத் திரும்பினர். இதுவே நாம் கூறும் குற்றம்.

இனித் திருவள்ளுவரை நோக்குவோம். அவர் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என நான்கு அதிகாரங்களை 40 முதல் 43 வரை அடுத்தடுத்து வைத்தார். கற்றலும் கேட்டலும் முன்னே செல்ல, அவற்றின் பயனாய் அறிவு பின்னே வருகின்றது. ஆகவே அவர் கூறும் அறிவு கற்ற செய்திகளின் தொகுதி ஆகாது. செய்தித் தொகுதியே அறிவு எனின், கல்வி என்னும் அதிகாரத்தோடு நின்றிருப்பார். மனத்தைக் கண்டவழி ஓடவிடாது தீமையினின்றும் விலக்கி நன்மையிற் செலுத்துவது அறிவு என்கின்றார். எப்பொருளை எவர் கூறக் கேட்டாலும், கூறியவரை நோக்காது பொருளின் மெய்ம்மையைக் காண்பது அறிவு என்கின்றார். இங்கும் ‘காண்டல்’ வந்து நிற்பதைக் கவனிக்க. மெய்யுணர்தல் என்னும் 36-ஆம் அதிகாரத்திலும் இக்கருத்தை ஏறக்குறைய இதே சொற்களால் கூறியிருத்தலின், அவர் இதனை எத்துணை முதன்மையாகக் கொண்டார் என்பது போதரும்.

1886-இல் குறள் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளாக்கிய ஜி. யு. போப் அவர்கள் இவ்விடத்திற் பட்ட இடர் நமக்கு நற்சான்று. அறிவுடைமை என்னும் அதிகாரத் தலைப்புக்கு அவர் ‘நாலெட்ஜ்’ என்னும் சொல்லை இட்டார். ஆனால் முதற்குறளைப் பெயர்க்கப் புகுந்தவுடனே ‘விஸ்டம்’ என எழுதினார். அகராதி ஒருபுறம் இழுக்க, குறளின் பொருள் மறுபுறம் இழுத்தது, பொருளே வென்றது. தலைப்பையும் அவ்வாறே திருத்தியிருப்பின் சிறப்பாயிருக்கும். எனினும், வள்ளுவரின் ‘அறிவு’ ஆங்கிலத்தின் ‘விஸ்டம்’ என்பதைத் தமிழில் ஆழங்கால்பட்ட அப்பாதிரியார் கையே காட்டிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். கல்லாதான் கூறுவது மிக நன்றாயிருப்பினும் அறிவுடையார் அதனைக் கொள்ளார் என்று வள்ளுவரே கல்லாமை அதிகாரத்திற் கூறியுள்ளாரே, எழுத்தறியா மக்களுக்கு அவர் அறிவை மறுத்தாரன்றோ என வினவலாம். அக்குறளை மறைத்துவிட்டு வாதிடுதல் நேர்மையன்று. ஆனால் அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே, கல்லாதவனாயினும் கேட்க வேண்டும், அது தளர்ந்த காலத்தில் ஊன்றுகோலாகும் என்று அவரே வழிதிறந்து விடுகின்றார். வாயின் சுவையை மட்டும் அறிந்து செவியின் சுவையை அறியாதாரை அவர் அங்கே கடிந்துரைப்பதும் நோக்கத்தக்கது. எழுத்தறியாமை ஒருவனைத் தடுப்பது மெய். கேளாமையே அவனை முடிக்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்போர், கல்லாமையைக் காட்டி ஒருவனது வாயை அடைக்கமாட்டார். எவர் வாயிற் கேட்பினும் என்று பின்னர் விதித்தவர், அவ்வாய்களுள் எழுத்தறிந்த வாயை மட்டும் பிரித்து வைத்தாரல்லர்.

வள்ளுவர்க்கும் முற்பட்ட தொல்காப்பியத்தின் மரபியலைப் புரட்டினால் இன்னும் வியப்பாம். உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக அந்நூல் வகுக்கின்றது. முதலறிவு தொடுதல், பின்னர்ச் சுவைத்தல், மோத்தல், காண்டல், கேட்டல், ஆறாவதாக மனம். ஆங்கிலச் சொல் கண்ணிலிருந்து தொடங்க, நம் முன்னோர் விரல்நுனியிலிருந்தே தொடங்கிவிட்டனர்! புல்லுக்கும் மரத்துக்கும் ஓர் அறிவு உண்டென்ற மொழியில், மனிதன் ஒருவனை ‘அறிவில்லாதவன்’ என்று ஏசுவது எத்துணைக் கொடுமை!

அறிவு என்பதற்குத் துணையாக மற்றொரு சொல்லும் நம்மிடம் உண்டு; அது ‘தெரி’ என்பது. மலை தெரிகின்றது என்றால் கண்ணுக்குப் புலப்படுகின்றது. பாடம் தெரியும் என்றால் மனத்துக்கு விளங்கியுள்ளது. தெரிந்தெடு என்றால் ஆய்ந்து பிரித்தெடு. காண்டல், அறிதல், தேர்தல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுள் அடங்கின. தமிழ் வடமொழிக் குடும்பத்தின் வேறான குடும்பத்தது என்பதை 1816-இல் எல்லிஸும் 1856-இல் கால்டுவெல்லும் விளக்கினர். ஆகவே ‘தெரி’ ஆங்கிலத்துக்கு உறவன்று. உறவில்லாத இரு மொழிகள் தனித்தனியே நடந்து ஓரிடத்தில் வந்து கூடினவென்றால், அவ்விடத்தில் மெய் இருத்தல் வேண்டும். ‘பகுத்தறிவு’ என நாம் போற்றும் சொல்லும் அவ்விடத்தில் நிற்பதே. பகுப்பது தீர்ப்பின் வேலையன்றோ?

நாம் வாழும் நாட்டின் மொழியும் இதற்குச் சான்று பகரும். மலாய் மொழியில் இப்பொருளைத் தரும் ‘பிஜாக்சானா’ என்னும் சொல், வடமொழியின் ‘விசக்ஷண’ என்பதினின்றும் வந்தது. கூர்ந்து காண்பவன் என்பது அதன் அடிப்பொருள். அரசாங்க அலுவலகங்களில் அதிகாரி தம் விருப்புரிமையால் முடிவு செய்வதை ‘புடி பிச்சாரா’ என்பர். அதுவோ புத்தியும் விசாரமும் சேர்ந்த தொடர். மனுக்கொடுத்துவிட்டு அச்சொல்லுக்காகக் காத்திருந்த அனுபவம் நம்மவருட் பலர்க்கும் உண்டு.

இவ்வளவும் எதற்காக ஆராய்ந்தோம்? தானா ராத்தாவைச் சூழ்ந்த இம்மலைகளில், 1929-இல் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற நாள்தொட்டுத் தமிழர் உழைத்து வந்திருக்கின்றனர். கூடையைத் தலையில் மாட்டிக் கையாற் கொழுந்து பறித்த காலத்தில், இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கொண்ட தளிரைப் பிரித்து, முற்றிய இலையை விடுத்து, பனியில் நனைந்த விரலால் நொடியில் தீர்ப்புச் செய்தவர் நம் தாய்மார். கண்ணும் விரலும் மனமும் ஒன்றாய்த் தொழிற்பட்ட அச்செயலுக்குப் பெயர் யாது? கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்ட இந்நாளில், அக்கைத்திறன் அருகி வருகின்றது. அதற்கு அறிவு எனப் பெயரிட்டு ஒருவரும் எழுதி வைத்தாரல்லர். ஞானத்தை ஓரிடத்திலும் அறிவைப் பள்ளியிலும் வைத்த நமக்கு, அதனை வைக்க இடமில்லாது போயிற்று.

தோட்ட அலுவலக மேசைகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. கையொப்பமிட வேண்டிய தாளை நீட்டினால், தொழிலாளர் அதனை நோக்காமலே, “எங்களுக்கு என்னங்க ஐயா தெரியும்? நீங்களே பார்த்துச் செய்யுங்க” என்பர். கிராணி வேலை பார்ப்போர் அனைவரும் அறிந்த வாசகம் இது. அடக்கத்தால் வரும் பேச்சு என்று நாம் மகிழலாமோ? ஒருவன் தன் கூலிக்கணக்கையும், தன் பிடித்தத்தையும், தன் பிள்ளையின் பள்ளித்தாளையும் காணாது கையொப்பமிடுகின்றான். ஏனெனில் காண்பது தன் வேலையன்று என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஆனால் அவன் சொற்களையே உற்று நோக்குங்கள். ‘தெரியும்’ என்றான், ‘பார்த்துச் செய்’ என்றான். ‘பார்த்துச் செய்தல்’ என்பது கண்டு ஆய்ந்து தக்கவாறு முடித்தல். அஃதன்றோ ‘விஸ்டம்’! தன்னிடம் இல்லை என்று அவன் மறுக்கும் பொருளை, மறுக்கும் வாக்கியத்திலேயே வழுவின்றி வரையறுத்து விட்டான். சொல் அவனிடம் இருக்கின்றது. உரிமை மட்டும் பிறர் மேசையில் இருக்கின்றது.

இது தோட்டத்தார்க்கு மட்டும் உரிய நோய் என நகரத் தமிழர் எண்ண வேண்டா. ஆங்கிலம் நாவிற் புரண்டால் அறிவு வந்துவிட்டதென்று கருதும் மயக்கம் நகரத்திலேயே மிகுதி. ஆங்கிலமோ, தன் சொல்லின் வேரிலேயே அவ்வாறு கூறவில்லை என்பதை மேலே கண்டோம். மேலும், எவர் வாயிற் கேட்பினும் என்ற விதி நமக்கும் உரியது. இன்று இம்மலைத் தோட்டங்களில் வங்காள தேசத்தவரும் நேபாளத்தவரும் உழைக்கின்றனர். நேற்று நம்மை நோக்கி, ‘இவர்களுக்கு என்ன தெரியும்?’ என்று பிறர் கூறிய சொல்லை, இன்று அவர்களை நோக்கி நாம் கூறுவோமாயின், நாம் கற்றதன் பயன் என்னை? பிறவுயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் எண்ணாத இடத்தில் அறிவினால் ஆவது ஒன்றுமில்லை என்று வள்ளுவர் வினவியதை மறத்தல் ஆகாது.

உழைப்பவர் என்னும் ஒன்றாலேயே எவர்க்கும் அறிவு வந்துவிடும் என்று முகமன் கூறுதலும் நம் நோக்கமன்று. காண மறுப்பவன் மேசையின் எப்பக்கத்தில் இருப்பினும் அறிவிலியே. காணும் உரிமை இருபக்கத்தார்க்கும் உண்டு என்பதே நாம் வேண்டுவது.

ஆதலின், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ‘விஸ்டம்’ என்பதை ‘அறிவு’ என்றே பிள்ளைகட்குக் கூறுவார்களாக. ‘நாலெட்ஜ்’ என்பது கற்றுச் சேர்த்த செய்தியைக் குறிக்கும் இடத்தில் ‘கல்வி’ என்றோ ‘கற்றவை’ என்றோ இடம்நோக்கி எழுதலாம். ‘ஞானம்’ சமயநூல்களில் தனக்குரிய பொருளில் வாழட்டும். அதனை எவரும் பறிக்க வேண்டுவதில்லை. இதனால் அகராதியில் ஒரு வரி மாறும். அவ்வளவே எனச் சிலர் நகைக்கலாம். அவ்வரி மாறினால், அறிவு என்பது பள்ளி முடிந்ததும் மூடிவைக்கும் புத்தகம் அன்று, வாழ்நாள் முழுதும் தன் கண்ணால் கண்டு தானே தீர்க்கும் ஆற்றல் என்று பிள்ளை கற்கும். அப்பிள்ளை வளர்ந்து ஒருநாள் தன்முன் நீட்டப்படும் தாளைக் கையில் வாங்கி, “ஐயா, சற்றுப் பொறுங்கள், படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று கூறும். அவ்வொரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம். தமிழர் சிந்திப்பாராக!